சுவரில் தொங்காத சாய்ப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு மாடி வீடு, கட்டிப் பல ஆண்டுகள் ஆனது. பின்புறம் சமையலறைக் கதவைத் திறந்தால் திறந்தவெளி முற்றம். வீட்டில் இருப்பவர்கள் வயதான தம்பதியும் அவர்களுடைய மகளும். மழையிலும் வெயிலிலும் பின்கதவைத் திறந்து வைக்க முடியவில்லை, உட்கார ஒரு நிழல் வேண்டும் என்பதுதான் தேவை. சுவரையொட்டி 4.8 மீட்டர் நீளம், வெளியே 3.3 மீட்டர் அகலத்துக்கு மரத்தில் ஒரு சாய்ப்பு இறக்குவது என்று முடிவு செய்து, அனுபவமுள்ள தச்சர் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தார்கள்.

அவர் போட்ட திட்டம் எங்கும் வழக்கத்தில் உள்ளதுதான். வீட்டுச் சுவரில் நீளவாக்கில் ஒரு சட்டத்தை போல்ட் போட்டு இறுக்குவது. எதிர்ப்பக்கம் மூன்று தூண்கள் நட்டு அவற்றின் மேல் ஓர் உத்திரம். சுவர்ச் சட்டத்துக்கும் உத்திரத்துக்கும் இடையே 600 மி.மீ. இடைவெளியில் கைமரங்கள், மேலே 10 மி.மீ. பாலிகார்பனேட் ஷீட். மூன்றே தூண், மறுபக்கத்தை வீடு தாங்கிக்கொள்ளும். செலவும் குறைவு, இடமும் அடைபடாது. பதப்படுத்திய பைன் மரம் வாங்கி வந்தாயிற்று. முன்புறத் தூண்களுக்குக் குழி தோண்டும் முன்பே சுவர்ச் சட்டத்தை ஏற்றும் வேலை தொடங்கியது.

சட்டத்துக்கு ஒன்பது விரியும் ஆங்கர் போல்ட்கள். முதல் இரண்டும் நன்றாக இறுகின. மூன்றாவது நட்டை முடுக்க முடுக்க போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. ஐந்தாவதும் அப்படியே. அந்த இடத்தில் இன்னும் பெரிய போல்ட்டைப் போட்டு வேலையை முடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இவர் நிறுத்திவிட்டார். "சுவருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம மேல ஏத்த மாட்டேன்மா" என்று மகளிடம் சொல்லி, கட்டமைப்புப் பொறியாளர் யாரையாவது கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். அப்படித்தான் நான் அங்கே போனேன்.

சுவரில் தெரிந்தவை

சுத்தியலின் மரப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனபோது ஒலி சீராக இல்லை. மூலையருகே கனமான ஒலி, நடுவில் பல இடங்களில் வெற்றொலி. சுற்றிய போல்ட்டுகளில் ஒன்றைப் பிடுங்கி, பக்கத்தில் ஒல்லியான துளை ஒன்று போட்டோம். 20 மி.மீ. வரை பூச்சின் தூள், அதன்பின் 30 மி.மீ. அளவுக்குக் கான்கிரீட் தூள், பிறகு ட்ரில் சட்டென்று உள்ளே பாய்ந்தது. சுவர் ஹாலோ பிளாக், அதாவது உள்ளே வெற்று அறைகள் விட்டு வார்த்த கான்கிரீட் கல். முதல் இரண்டு போல்ட்கள் இறுகியது மூலையருகே உள்ள அறைகளில் கட்டும்போதே கான்கிரீட் நிரப்பியிருந்ததால். மற்ற இடங்களில் போல்ட் பிடிக்க வெறும் 30 மி.மீ. ஓடுதான் இருந்தது.

விரியும் ஆங்கர் வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். நட்டை முடுக்கும்போது அதன் உறை பக்கவாட்டில் விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது; அந்த அழுத்தம்தான் பிடிப்பு. கெட்டியான கான்கிரீட் அதைத் தாங்கும். உள்ளே வெற்றிடமுள்ள மெல்லிய ஓடு தாங்காது, உட்புறமாகச் சில்லு பெயர்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வாஷர் நேராக உட்கார்ந்து அழகாகத்தான் தெரியும்.

அந்த வீட்டில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. சமையலறை உட்சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஈரக்கறை. பெரியவர் அதைத் தரை ஈரம் என்றே நினைத்திருந்தார். வெளியே அதே நேர்கோட்டில், தலைக்கு மேலே, நான்கு பழைய துளைகளின் தடம். முன்பு துணிக்கூரை ஒன்றை மாட்டிக் கழற்றியிருந்தார்கள். துளைகளின் வாயில் மட்டும் பட்டி பூசி வண்ணமடித்திருந்தது, அதிலும் விரிசல். ஒரு துளையைச் சுரண்டித் திறந்து, சிறு புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டோம். மாலைக்குள் உள்ளே கறையின் ஓரம் கருத்து அகன்றது. ஹாலோ பிளாக்கின் அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதால், மேலே துளை வழியே நுழைந்த நீர் உள்ளேயே இறங்கி, அடியில் தேங்கி, தரையோரம் வெளிப்படுகிறது. ஒழுகும் இடம் ஒன்று, கறை தெரியும் இடம் வேறொன்று.

இது தவிர வேறு மூன்று விஷயங்களையும் குறித்துக்கொண்டோம். மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் சாய்ப்பு வரப்போகும் இடத்துக்கு நேர் மேலே வாய் திறந்து நின்றது. மாடித் தண்ணீர் மொத்தமும் புதுக்கூரையின் ஒரே இடத்தில் விழும். வாங்கி வைத்திருந்த போல்ட்கள் பளபளப்பான மெல்லிய துத்தநாக முலாம் பூசியவை. மரமோ தாமிரம் கலந்த மருந்தில் பதப்படுத்தியது. அந்த மருந்து ஈரத்தோடு சேர்ந்தால் மெல்லிய முலாமை அரித்துவிடும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டோ, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டோதான் அந்த மரத்துக்குப் பொருந்தும். மூன்றாவது, சுவரையொட்டிக் கம்பியைக் குத்திப் பார்த்தபோது மண் இளகியிருந்தது. வீட்டு அடித்தளத்துக்குத் தோண்டிய பள்ளத்தை மூடிய மண் அது. சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளித்தான் அசல் மண்ணின் இறுக்கம் கிடைத்தது.

சுமைக் கணக்கு

சாய்ப்பின் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். மரமும் ஷீட்டும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 20 கிலோ என்று வைத்தால் தன்னெடை 320 கிலோ. பழுது பார்க்க ஆள் ஏறுவதற்காகச் சதுர மீட்டருக்கு இன்னும் 75 கிலோ சேர்த்தால் மொத்தம் 1,520 கிலோ. இதில் பாதி சுவருக்கு: 760 கிலோ. ஒன்பது போல்ட்டுக்குப் பங்கு பிரித்தால் ஒன்றுக்கு 85 கிலோகூட இல்லை. தச்சர் இதைப் பார்த்து, "இதுக்கா சார் இவ்வளவு யோசனை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பதில் காற்றில் இருக்கிறது. காற்றின் அழுத்தத்தை நியூட்டனில் கணக்கிட, வேகத்தை மீட்டர்/விநாடியில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் போதும். விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ. வேகப் புயற்காற்றுக்குச் சதுர மீட்டருக்கு 960 நியூட்டன் வருகிறது, ஏறக்குறைய 98 கிலோ எடை. மூன்று பக்கமும் திறந்து ஒரு பக்கம் சுவர் மறித்த கூரைக்குள் காற்று புகுந்தால் வெளியேற வழியில்லாமல் கூரையை மேலே தூக்கும். அதே அழுத்தம் முழுதும் தூக்குவிசையாக வந்தால் 16 சதுர மீட்டருக்கு 1,570 கிலோ. தன்னெடையைக் கழித்தாலும் 1,250 கிலோ மேல்நோக்கி. ஒரு புயலில் இது ஒருமுறை வந்து போவதில்லை. தூக்கும், விடும், பக்கவாட்டில் ஆட்டும், மறுபடி தூக்கும். சட்டத்தின் முகத்தில் கைமரம் இழுப்பதால் ஒவ்வொரு போல்ட்டும் நெம்பப்படுகிறது. 30 மி.மீ. ஓட்டில் நிற்கும் போல்ட் அப்படித்தான் தளர்கிறது. இரண்டு தளர்ந்தால் அவற்றின் பங்கு பக்கத்துப் போல்ட்டுகளுக்குப் போகிறது. கூரைகள் பெரும்பாலும் கீழே விழுவதில்லை, பறந்துதான் போகின்றன. ஆனால் வேலை செய்யும்போது நம் கவலையெல்லாம் விழாமல் நிற்குமா என்பதிலேயே இருக்கிறது.

முடிவும் காரணமும்

மூன்று வழிகள் மேசைக்கு வந்தன.

போல்ட் வரும் இடங்களில் ஹாலோ பிளாக்கின் அறைகளைத் திறந்து கான்கிரீட் நிரப்பி, வலைக்குழாய் உறையோடு ரசாயன ஆங்கர் (பசையால் ஒட்டிப் பிடிக்கும் போல்ட்) போடுவது ஒன்று. முறையாகச் செய்தால் பிடிப்பு கிடைக்கும். ஆனால் நிரப்பியது அறையின் எந்த மட்டம் வரை இறங்கி நின்றது என்று பார்க்க வழியில்லை; அதோடு ஒன்பது புதிய துளைகள், ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு வாசல். இந்தச் சுவர் நான்கு துளைக்கே உள்ளே நனைந்திருந்தது.

இரண்டாவது, சட்டத்தை உயர்த்தி மேல்தளத்தின் கான்கிரீட் பெல்ட்டிலேயே (சுவர் மேல் ஓடும் கெட்டியான பட்டை) போல்ட் போடுவது. பிடிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் கூரையின் உயரம் கூடிவிடும். சாய்வான மழை முற்றத்தில் பாதி தூரம் உள்ளே அடிக்கும். நிழலுக்காகவும் மழைக்காகவும் கட்டுகிற ஒன்றில் இதை விட்டுக்கொடுக்க வீட்டார் விரும்பவில்லை. மாடிக் குழாயும் அந்த மட்டத்தில்தான் குறுக்கே வந்தது.

மூன்றாவது, வீட்டின் மேல் சுமையே வைக்காமல், வீட்டுப் பக்கமும் மூன்று தூண் நட்டு ஆறு தூணில் சாய்ப்பைத் தானே நிற்க வைப்பது. சுவருக்கும் கூரைக்கும் தொடர்பு ஒரு மழைத்தகடு மட்டும்.

பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. "கதவத் திறந்தா முகத்துக்கு நேரா தூணா?" என்றார். தச்சரின் எதிர்ப்பு வேறு வகை, இன்னும் கூர்மையானது: வீட்டைப் பிடித்து நிற்கிற சாய்ப்பு ஆடாது, தனியாக நிற்பது ஆடும். அவர் சொன்னது சரி. ஒட்டுச் சாய்ப்புக்கு வீடு தருவது தாங்கும் பலம் மட்டுமல்ல, பக்கவாட்டு உறுதியும்தான். வீட்டை விட்டு விலகினால் அந்த உறுதியை மரத்திலேயே தேடிக்கொள்ள வேண்டும்.

ஆயினும் மூன்றாவதையே எடுத்தோம். ஆட்டத்தை அடக்க என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், அதைக் கண்ணால் பார்க்கலாம், தளர்ந்தால் இறுக்கலாம். சுவருக்குள் நடப்பது அப்படியல்ல. தூண் வரிசையைச் சுவரிலிருந்து 600 மி.மீ. தள்ளி வைத்து, கைமரங்களைச் சுவர்ப் பக்கம் நீட்டிவிட்டதில் இரண்டு சிக்கல் தீர்ந்தது: அடித்தளத்தின் பெரும்பகுதி இளகிய மண்ணின் விளிம்பைத் தாண்டியது; நடுத்தூண் கதவுக்கும் ஜன்னலுக்கும் இடைப்பட்ட வெற்றுச் சுவருக்கு நேராக வந்ததால் பெரியவரும் ஒப்புக்கொண்டார்.

கட்டிய விதம்

அடித்தளத்தின் அளவைத் தீர்மானித்தது தூக்குவிசைதான். நடுத்தூண் ஒன்றுக்குத் தூக்குவிசையின் பங்கு சுமார் 310 கிலோ. ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் 470 கிலோ. அந்த எடையுள்ள கான்கிரீட்டுக்கு 550 × 550 மி.மீ. அகலமும் 650 மி.மீ. ஆழமும் தேவை. கீழ்நோக்கிய சுமைக்கு இவ்வளவு வேண்டியதில்லை. ஓரத் தூண்களுக்குக் குறைவாகவே போதும் என்றாலும், குழி தோண்டுபவர்கள் குழம்பாமல் இருக்க எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்தோம்.

தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கவில்லை. மரமும் கான்கிரீட்டும் சந்திக்கிற வளையத்தில்தான் தூண் முதலில் அழுகும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் அரிக்க முடியாது. புதைத்த மரம் அந்த அளவுக்குக் காய்வதே இல்லை. அதனால் கான்கிரீட்டில் பதித்த இரும்புக் காலணியில், தரையிலிருந்து 50 மி.மீ. உயர்த்தித் தூணை நிறுத்தினோம். வீட்டுப் பக்க மூன்றுக்கும் மரை போட்ட தண்டுள்ள காலணி, தேவைப்பட்டால் ஏற்றி இறக்கலாம். மண்ணைப் பார்த்த பிறகு வந்த யோசனை அது.

தூண் 100 × 100, உத்திரம் 75 × 200, கைமரம் முன்பே வாங்கியிருந்த 50 × 150. கைமரம் உத்திரத்தில் உட்காரச் சிறு வெட்டு, ஆழத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல். ஒவ்வொரு சந்திப்பிலும் இரும்புப் பட்டை: காலணியிலிருந்து தூண், தூணிலிருந்து உத்திரம், உத்திரத்திலிருந்து கைமரம், கைமரத்திலிருந்து ரீப்பர் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்). எங்கும் வெறும் ஆணியில் நிற்கவில்லை. காற்று தூக்குகிற விசை ஷீட்டில் தொடங்கிக் கான்கிரீட்டில் போய் முடியும்வரை வழியில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகக் கூடாது. வெட்டிய மர நுனிகளுக்கெல்லாம் மருந்து பூசினோம். மருந்து வெளி அடுக்கில்தான் இறங்கியிருக்கும், வெட்டினால் உள்மரம் திறந்துவிடும். ஆட்டத்துக்கு, தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே இரு திசையிலும் 45 டிகிரியில் முட்டுச் சட்டங்கள்.

பத்துக்கு ஒன்று சாய்வு. ஷீட்டின் உள்வரிகள் சாய்வின் திசையில், புறஊதாப் பூச்சு மேல்நோக்கி. பாலிகார்பனேட் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.065 மி.மீ. விரியும். 3.3 மீட்டர் ஷீட் 40 டிகிரி வேறுபாட்டில் ஏறக்குறைய 9 மி.மீ. நீளும். எனவே துளைகளை ஸ்க்ரூவை விடப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷரோடு நெரிக்காமல் முடுக்கினோம்.

சுவரோடு சேரும் இடத்துக்குத்தான் அதிக நேரம் செலவானது. சிலிகானைக் கோடாக இழுத்து முடிப்பதை நான் ஏற்பதில்லை. பூச்சின் தூசியில் அது ஒட்டாது; ஒட்டினாலும், கூரை ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமும் அசைகையில் கிழியும். தகட்டை இரண்டு துண்டாக வைத்தோம். கீழ்த்தகடு கூரையோடு சேர்ந்தது. சுவரை ஒட்டி 150 மி.மீ. மேலே மடிந்து, சுவரைத் தொடாமல் நிற்கும். மேல்தகடு சுவரோடு சேர்ந்தது. பிளாக் வரிகளுக்கு இடைப்பட்ட கலவைக் கோட்டில் 25 மி.மீ. கீறி உள்ளே செருகி, கீழ்த்தகட்டின் மேல் கவிந்து தொங்கும். கூரை அசைந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று நழுவுமே தவிர எதுவும் கிழியாது. சுவரில் புதிதாக விழுந்த வெட்டு அந்த ஒரு கீறல் மட்டும். பழைய துளைகளையும், சுற்றிய போல்ட்டுகளின் துளைகளையும் ஆழம் வரை கலவை திணித்து மூடினோம்.

மாடிக் குழாயைச் சுவரோரமாகத் திருப்பி, சாய்ப்பின் எல்லையைத் தாண்டி இறக்கிவிட்டார்கள்.

பின்னர் நடந்தவை

அடுத்த மழைக்காலம் முடிந்தபின் போய்ப் பார்த்தபோது சமையலறைக் கறை காய்ந்திருந்தது. உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டி மறுபடி பூசியிருந்தார்கள். பலத்த காற்றடித்த இரவுகளிலும் கூரையில் எதுவும் தளரவில்லை. இரும்புப் பட்டைகளின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தோம். மரம் காய்ந்து சுருங்கியதால் சில கால் சுற்று கேட்டன, அவ்வளவே.

சரியாக வராதவையும் இருந்தன. காற்று பக்கவாட்டில் அடித்தபோது தகட்டின் மேற்கு நுனியில் தண்ணீர் உள்ளே வந்தது. மேலிருந்து வரும் நீரைத் தடுத்த தகட்டின் இரு ஓரமும் திறந்தே இருந்தன. நுனியை மடித்துத் தொட்டி போல் மூடியதும் நின்றது. தகட்டின் பின்னால் சருகு சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைத்தது. அதைத் தள்ளிவிட ஒரு நீளக்குச்சித் துடைப்பம் வீட்டாரின் வழக்கத்தில் சேர்ந்துகொண்டது. வீட்டுப் பக்க நடுத்தூண் 7 மி.மீ. இறங்கியிருந்ததை டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) காட்டியது. காலணியின் மரையைச் சுற்றி ஏற்றிவிட்டோம்.

முட்டுச் சட்டத்தின் கதைதான் சங்கடமானது. முன்புறத் தூண் ஒன்றின் முட்டுச் சட்டம் பெரியவரின் நெற்றியில் இடித்திருக்கிறது. அவர் ஒரு பக்கத்துச் சட்டத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. கூரை லேசாக ஆடுகிறது என்று மகள் தொலைபேசியில் சொன்னபோதுதான் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. நெற்றியில் இடிப்பது அன்றாடம், புயல் என்றைக்கோ. முட்டுச் சட்டத்துக்குப் பதிலாக உத்திரமும் தூணும் சேரும் மூலையில் இருபுறமும் முக்கோண எஃகுத் தகடு வைத்து, குறுக்கே போல்ட் போட்டோம். பார்வைக்கு அழகில்லை. தலைக்கு மேலேயே முடிந்துவிடுகிறது.

மறுபடி செய்தால்

மரம் வாங்கும் முன் சுவரில் ஒரு துளை போட்டுப் பார்ப்பதுதான் முதல் மாற்றம். ஒல்லியான ட்ரில், ஐந்து நிமிட வேலை. பூச்சுக்கு மேலிருந்து யாராலும் சுவரை ஊகிக்க முடியாது. இந்த வீட்டில் முதல் இரண்டு போல்ட்கள் இறுகியதே தவறான நம்பிக்கை தந்திருக்கும்.

வீட்டுப் பக்க அடித்தளங்களைக் குறைந்தது 200 மி.மீ. கூடுதலாக இறக்கியிருப்பேன். பெரும்பகுதி விளிம்பைத் தாண்டியது என்றாலும் மூடிய மண்ணின் பாதிப்பு பக்கவாட்டில் பரவியிருந்தது. முட்டுச் சட்டத்தின் இடத்தை வரைபடத்தில் குறிப்பதோடு நிறுத்தாமல், தூண் நட்டவுடன் ஒரு குச்சியைக் கட்டி வீட்டாரை அதன் பக்கம் நடக்கச் சொல்லலாம். யார் நெற்றி எங்கே வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். தகட்டின் நுனியை மூடுவது வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டிய வேலை.

ஒரு விஷயத்தில் தச்சருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அறைகளை நிரப்பி ரசாயன ஆங்கர் போட்டிருந்தாலே போதும், மூன்று தூண் மிச்சம் என்பது அவர் கருத்து. கதவுக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டும் சிறு சாய்ப்பு என்றால் நானும் அதையே செய்வேன். காற்று தூக்கும் பரப்பு குறைவு, துளைகளும் இரண்டு மூன்றோடு முடிந்துவிடும். 3.3 மீட்டருக்கு, அதுவும் ஏற்கெனவே ஒருமுறை தண்ணீர் குடித்த சுவரில், மாட்டேன்.